மனநோய் ஆராய்ச்சி யாருக்காக?

மனநோய் பற்றிய பேச்சு நம்மிடையே நெடுங்காலமாக இருவகையாகவே நடைபெற்று வந்துள்ளது. வீட்டினுள் அது கிசுகிசுப்பு. வீதியில் அது ஏளனம். 'விசர்' என்ற ஒரு சொல்லுக்குள் நூறு விதமான நோய்களையும் ஆயிரம் விதமான துன்பங்களையும் அடைத்துவிட்டு, அங்கொடைக்கு அனுப்புவதா அன்றி ஆலயத்துக்கு அழைத்துச் செல்வதா என்ற வினாவோடு நமது சமுதாயம் தன் கடமையை முடித்துக்கொண்டு வந்திருக்கிறது. இவற்றோடு மூன்றாவது வகைப் பேச்சொன்றும் இப்பொழுது சேர்ந்துள்ளது. அது நம்பிக்கைப் பேச்சு. மூளையின் இரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு வருகின்றன. மருந்துக் கம்பனிகள் கோடிக் கணக்கில் பணம் செலவிட்டு ஆராய்கின்றன. ஆராய்ச்சி வளர வளரச் சிகிச்சையும் தானே வளரும். நாம் பொறுத்திருந்தாற் போதும் என்பது அதன் சாரம்.

கிசுகிசுப்பையும் ஏளனத்தையும் எதிர்த்து எழுதுவது எளிது. அவற்றுக்காக வாதாட இன்று எவரும் முன்வரமாட்டார். இம்மூன்றாவது பேச்சையே நாம் இங்கு மறுக்க விரும்புகிறோம். அது விஞ்ஞானத்தின் குரலிற் பேசுவதால், படித்தவர்களும் அதனை ஆராயாமல் ஏற்றுக்கொள்கின்றனர். ஆராய்ச்சி என்பது தானாக ஓடும் ஆறன்று. அதற்குக் கரை கட்டுவோர் உளர். வாய்க்கால் வெட்டுவோர் உளர். மடையைத் திறப்போரும் மூடுவோரும் உளர். எந்த வினா கேட்கப்படுகிறது, அதற்கு யார் பணம் கொடுக்கிறார், விடை அவருக்கு உவப்பாக இல்லாதபோது அவ்விடைக்கு என்ன நேர்கிறது என்பவையே இறுதியில் நோயாளியின் கைக்கு வந்து சேருவதைத் தீர்மானிக்கின்றன. மனநோய் மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் இவ்வுண்மையை ஒவ்வொரு பக்கத்திலும் காண்பர்.

1949ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில், போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் எகாஸ் மொனிஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளையின் முன்மடலில் நரம்பிழைகளை அறுத்துவிடும் லொபொட்டமி என்னும் சத்திரசிகிச்சையை 1935இல் தொடக்கி வைத்தவர் அவர். அமெரிக்காவில் வால்டர் ஃபிறீமன் என்பவர் அதனை மேலும் 'எளிதாக்கி', கண்குழியினூடாகக் கூரிய கருவியொன்றைச் செலுத்திச் சில நிமிடங்களில் முடித்துவிடும் வேலையாக மாற்றினார். பல்லாயிரவர் இதற்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுட் பலருடைய ஆவேசம் அடங்கிற்று. அதனோடு அவர்களுடைய விருப்பும் வெறுப்பும் முனைப்பும் அடங்கின. நெரிசல் மிகுந்த மனநோய் விடுதிகளை நடத்தியோருக்கு அமைதி வேண்டியிருந்தது. அந்த அமைதியைச் சிகிச்சையின் வெற்றி என்று உலகம் பாராட்டிற்று.

அதே ஆண்டு செப்தெம்பர் மாதத்தில், அவுஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையொன்றில் ஜோன் கேட் என்னும் உளமருத்துவர் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டார். யுத்தகாலத்தில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதியாக மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்து மீண்டவர் அவர். மெல்பேணுக்கு அண்மையிலுள்ள பண்டூரா மனநோய் வைத்தியசாலையில், பயன்படாது கிடந்த சமையற்கூடமொன்றே அவரது ஆய்வுகூடம். கினிப்பன்றிகளுக்கு லிதியம் உப்பைச் செலுத்தியபோது அவை அடங்கிச் சோர்வதைக் கண்டார். அவ்வுப்பைத் தாமே உட்கொண்டு பார்த்த பின்னர், அடங்காக் கிளர்ச்சி நோயாற் பீடிக்கப்பட்ட பத்துப் பேருக்குக் கொடுத்தார். ஐந்தாண்டுகளாக ஓயாத ஆவேசத்திற் கிடந்த ஒருவர், சில வாரங்களிலே தெளிவு பெற்று, பின்னர் வீடு திரும்பித் தம் பழைய தொழிலுக்கும் சென்றார்.

லிதியம் ஆபத்தற்ற பொருளன்று. அளவு மீறினால் அது நஞ்சு. அந்த முதல் நோயாளியே அந்நஞ்சினால் 1950இல் இறந்தார். அமெரிக்காவிற் கறியுப்புக்குப் பதிலாக விற்கப்பட்ட லிதியம் குளோரைட்டினால் மரணங்கள் நேர்ந்தமையால், 1949இல் அது அங்கு தடைசெய்யப்பட்டது. ஆயின் ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழியும் விரைவிலேயே தெரிந்தது. இரத்தத்திலுள்ள லிதியத்தின் அளவைச் சோதித்துக் கொடுக்கும் முறையை மெல்பேண் பல்கலைக்கழகத்து எட்வேர்ட் ட்ரவுட்னரும் அவருடன் உழைத்தோரும் 1950களின் முற்பகுதியிலேயே ஆராய்ந்தனர். டென்மார்க்கின் மொகென்ஸ் ஸ்கௌ 1954இல் ஒப்பீட்டுச் சோதனை நடத்தி அதன் பயனை நிறுவினார். அவ்வாறிருந்தும் ஐக்கிய அமெரிக்க அரசு லிதியத்துக்கு அனுமதி வழங்கியது 1970இல். கேட்டின் கட்டுரை வெளிவந்து இருபத்தோராண்டுகள் கழிந்துவிட்டன.

இதனோடு இன்னொரு மருந்தின் கதையை ஒப்பு நோக்குவோம். குளோர்புரோமசின் என்னும் மருந்து ஃபிரெஞ்சுக் கம்பனியான ரோன்-பூலாங்கின் ஆய்வுகூடத்திற் பிறந்தது. பாரிஸ் நகரின் சென்-ஆன் வைத்தியசாலையில் டிலேயும் டெனிக்கரும் அதனை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டது 1952இல். அமெரிக்கச் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது 1954இல். ஒன்றுக்கு இரண்டே ஆண்டுகள், மற்றதற்கு இருபத்தொன்று. குளோர்புரோமசின் பயனுள்ள மருந்தென்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கம்பனி நின்றது. விற்பனைப் பிரதிநிதிகள் நின்றனர். லிதியத்துக்குப் பின்னால் எவரும் நிற்கவில்லை. அது இயற்கை மூலகம். 1817 முதல் இரசாயன நூல்களில் இடம்பெற்று வருவது. அதற்குக் காப்புரிமை பெற எவராலும் இயலாது. இலாபம் தராத மருந்துக்காக வாசற்படி ஏறி இறங்க எவரும் முன்வரவில்லை. நஞ்சு பற்றிய அச்சமும் தாமதத்துக்குக் காரணமே. ஆயின் நச்சுத்தன்மை வாய்ந்த எத்தனையோ மருந்துகள், இலாபம் உண்டென்று கண்டபோது, அவ்வச்சத்தை வெகு விரைவிற் கடந்துவந்துள்ளன என்பதை மறந்துவிடலாகாது.

நமது அயலிலிருந்தும் ஓர் உதாரணம் தரலாம். சர்ப்பகந்தா என்னும் மூலிகையை மனநோய்க்குக் கொடுப்பது பாரத நாட்டின் பழைய வழக்கம். அதன் பயனை நவீன முறையில் ஆராய்ந்து கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் எழுதினர். மேலைத்தேய மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. சுவிட்ஸர்லாந்தின் சீபாக் கம்பனி 1952இல் அதே வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1954இல் நியூயோர்க்கிலிருந்து நேதன் கிளைன் அதன் பயனைப் பற்றி எழுதினார். அதன் பின்னரே அது 'கண்டுபிடிப்பு' ஆயிற்று. நாளடைவில் வேறு மருந்துகள் ரெசர்பினின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது உண்மையே. எனினும், அறிவு எங்கே பிறந்தது என்பதிலும் பார்க்க அது எவருடைய கணக்கேட்டிற் பதியப்படுகிறது என்பதே அவ்வுலகிற் கணிக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவையெல்லாம் பழங்கதைகள், இன்று விதிகள் கடுமையாகிவிட்டன என்று கூறுவர் சிலர். அவ்வாறாயின் இன்றைய கதைக்கே வருவோம். 2008இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ சஞ்சிகையொன்றில் எரிக் டேர்னர் என்பவரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனச்சோர்வுக்கான பன்னிரண்டு மருந்துகளைப் பற்றி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திற் பதியப்பட்ட 74 பரிசோதனைகளை எடுத்து, அவற்றுட் பகிரங்கமானவை எவை, மறைந்தவை எவை என்று அவர்கள் தேடினர். மருந்துக்குச் சாதகமான 38 பரிசோதனைகளில் 37 அச்சேறியிருந்தன. சாதகமற்ற அல்லது ஐயத்துக்குரிய 36இல், 22 அச்சேறவேயில்லை. 11 சாதகமானவை போலத் திரித்து அச்சிடப்பட்டிருந்தன. உள்ளது உள்ளபடி வெளிவந்தவை மூன்றே. சஞ்சிகைகளை மாத்திரம் படிக்கும் வைத்தியருக்கு நூற்றுக்கு 94 பரிசோதனைகள் வெற்றி பெற்றனவாகத் தோன்றும். உண்மையில் வென்றவை நூற்றுக்கு 51. தன் முன்னால் அமர்ந்திருக்கும் நோயாளியை ஏமாற்றும் எண்ணம் அவ்வைத்தியருக்கு இல்லை. அவரே முதலில் ஏமாற்றப்பட்டிருக்கிறார்.

இதனிலும் கொடியது 329ஆம் இலக்க ஆய்வு எனப் பெயர்பெற்ற விவகாரம். பரொக்செற்றின் என்னும் மருந்து பதின்ம வயதினரின் மனச்சோர்வுக்கு நல்ல பலன் தருமென்றும் பெரிதும் தீங்கற்றதென்றும் 22 பேரின் பெயர் தாங்கிய கட்டுரையொன்று 2001இல் வெளிவந்தது. அதனை எழுத உதவியவர் கம்பனியின் பணம் பெற்ற எழுத்தாளர். நியூயோர்க் மாநிலச் சட்டத்துறை 2004இல் வழக்குத் தொடுத்தது. அனுமதியற்ற இவ்வியாபாரம் உட்படப் பல குற்றங்களுக்காகக் கிளாக்சோஸ்மித்கிளைன் கம்பனி 2012இல் 300 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. சுயேச்சையான ஆய்வாளர்கள் மூலத் தரவுகளைப் பெற்று மீளாராய்ந்து 2015இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு யாது? அம்மருந்து அவ்வயதினருக்குப் பயன் தரவில்லை. தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குகளை அதிகரித்தது. விஞ்ஞானம் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது நல்ல கொள்கைதான். இங்கு அத்திருத்தத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. அப்பதினான்கு ஆண்டுகளில் அம்மாத்திரையை விழுங்கிய பிள்ளைகளுக்கு அக்கொள்கை என்ன ஆறுதல் கூறும்?

இலாபம் குறையும்போது கம்பனிகள் என்ன செய்கின்றன என்பதையும் நாம் கண்டுவிட்டோம். 2010ஆம் ஆண்டில், சில வார இடைவெளிக்குள், கிளாக்சோஸ்மித்கிளைனும் அஸ்ட்ராசெனெக்காவும் மனநோய்களுக்கான புதிய மருந்தாராய்ச்சியைக் கைவிடுவதாக அறிவித்தன. உலகில் மனச்சோர்வும் மனச்சிதைவும் அவ்வாண்டிற் குறைந்துவிடவில்லை. போட்ட பணத்துக்கு வரவு போதாது என்பதே காரணம். கெற்றமின் என்னும் மயக்க மருந்தின் கதையும் இத்தகையதே. 1962இல் ஆக்கப்பட்டு, ஏழை நாடுகளின் சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் மலிவாகக் கிடைப்பது அது. கடும் மனச்சோர்வைச் சில மணி நேரத்திலே தணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்பதை யேல் பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டிற் காட்டிற்று. ஆயினும் மனச்சோர்வுக்கான மருந்தாக 2019இல் அமெரிக்க அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்தது அம்மலிவான பொருளன்று. அதன் மூலக்கூற்றின் இரு ஆடிப்பிம்ப வடிவங்களுள் ஒன்றைத் தனியே பிரித்து, மூக்கில் விசிறும் வடிவிலே காப்புரிமையுடன் அமைத்த எஸ்கெற்றமினே வந்தது. ஒரு வேளை மருந்தின் விலை பல நூறு டொலர்.

இவ்வளவையும் கேட்ட வாசகர் சிலர், 'அப்படியாயின் மனநோய் மருத்துவமே மோசடிதானே, மருந்தே வேண்டாம், அன்பும் ஆறுதலும் போதாவா?' என்று வினவக்கூடும். அவ்வழி செல்வது பெரும் பிழை. ஒரு காலத்தில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளின் கட்டில்களிற் கணிசமானவற்றை நிரப்பியோர், சிபிலிஸ் கிருமி மூளையைத் தாக்கியதாற் சித்தம் கலங்கியோரே. 1913இல் அக்கிருமி அவர்களுடைய மூளையிற் காணப்பட்டது. பென்சிலின் வந்த பின்னர் அவ்வகை நோயாளர் அவ்விடுதிகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயினர். பாவத்தின் பலன் என்று பிரசங்கம் செய்யப்பட்ட நோயை ஊசிமருந்து வென்றது. மருந்தை மறுப்போர் மறுப்பது இத்தகைய வெற்றிகளையுந்தான்.

மருந்தில்லாத அன்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழகத்தின் ஏர்வாடி காட்டிற்று. தர்காவின் அருளால் நோய் தீருமென்று நம்பிய குடும்பங்கள் தம் உறவினரை அங்கிருந்த தனியார் விடுதிகளில் விட்டுச் சென்றன. விடியற்காலையில் அவ்விடுதிகளுள் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட தாய் தந்தையரை நாம் பழிக்கப்போவதில்லை. பக்கத்து ஊரில் வைத்தியரும் மருந்தும் இருந்திருந்தால் அவர்கள் சங்கிலியை நாடியிருக்கமாட்டார்கள். மூடநம்பிக்கை வளர்வது அறியாமையினால் மாத்திரமன்று. அரசு கைவிட்ட வெற்றிடத்திலேதான் அது செழித்து வளர்கிறது.

நம்மவரிடையே இன்னொரு வாதமும் உண்டு. வறுமையும் வேலையின்மையும் யுத்தமுமே மனநோயை விளைவிக்கின்றன. சமுதாயம் மாறினால் நோயும் மாறும். எனவே மனநோய் மருத்துவத்தைப் பற்றித் தனியே கவலைப்பட வேண்டியதில்லை என்பது அது. இதிற் பாதி உண்மை உண்டு. துன்பத்தின் வேர்கள் சமுதாயத்தில் ஆழ ஊன்றியுள்ளன. ஆனால் வீட்டுக் கூரை எரியும்போது, ஊருக்குக் குழாய்நீர்த் திட்டம் வரட்டும் என்று காத்திருப்பவனை எவரும் அறிவாளி என்னமாட்டார். மேலும், சோஷலிஸத்தின் பெயரால் அமைந்த அரசே மனநோய் மருத்துவத்தை என்ன பாடு படுத்திற்று என்பதை மறைத்துவிட்டு நாம் பேச இயலாது. சோவியத் ஒன்றியத்தில் ஸ்னெஷ்னெவ்ஸ்கியின் பள்ளி வகுத்த 'மந்தகதி மனச்சிதைவு' என்னும் நோய்ப்பெயர், அரசை எதிர்த்துப் பேசியோரைப் பூட்டிவைக்கும் சாவியாயிற்று. செம்படையின் தளபதியாயிருந்த பியோத்தர் கிரிகொரென்கோவும் அவ்வாறு அடைக்கப்பட்டார். உலக உளமருத்துவர் சங்கத்தின் கண்டனத்தை எதிர்கொள்ளாமல் 1983இல் சோவியத் சங்கம் அதிலிருந்து விலகிற்று. கம்பனியின் கையில் ஆராய்ச்சி சிக்கினால் நோயாளி வாடிக்கையாளனாகிறான். தட்டிக் கேட்பாரற்ற அரசின் கையிற் சிக்கினால் வாடிக்கையாளன் கைதியாகிறான். இரண்டையும் எதிர்ப்பதே நேர்மையான முற்போக்கு நிலைப்பாடு.

அவ்வாறாயின் வேறு வழி உண்டா? உண்டு, அது வெறுங் கனவுமன்று. இத்தாலியின் ஃபிராங்கோ பசாலியா, மாணவப் பருவத்தில் ஃபாசிஸத்தை எதிர்த்துச் சிறை சென்றவர். 1961இல் கொரிஸ்ஸியா மனநோய் விடுதியின் பொறுப்பை ஏற்றபோது, அவ்விடம் அவருக்குத் தாமிருந்த சிறையையே நினைவூட்டிற்று. 1971இல் திரியெஸ்த் நகர விடுதிக்குப் பொறுப்பாளரானார். ஏறத்தாழ 1,200 பேர் அங்கு அடைபட்டுக் கிடந்தனர். 1973இல் நோயாளரும் கலைஞரும் சேர்ந்து நீல நிறக் குதிரையொன்றை மரத்தாலும் காகிதக் கூழாலும் செய்தனர். விடுதியின் சலவை வண்டியை இழுத்த குதிரையின் பெயரால் அதற்கு மார்க்கோ கவால்லோ என்று பெயரிட்டனர். குதிரை வாயிலிலும் பெரிதாக இருந்தது. வாயிலை உடைத்தே அதனை நகர வீதிக்குக் கொண்டு சென்றனர். 1978 மே 13ஆம் நாள் இத்தாலி நிறைவேற்றிய 180ஆம் இலக்கச் சட்டம், புதிய மனநோய் விடுதி கட்டுவதையும் பழைய விடுதிகளிற் புதியோரைச் சேர்ப்பதையும் தடைசெய்து, பொது வைத்தியசாலைகளிற் சிறிய பிரிவுகளையும் ஊர்தோறும் உளநல நிலையங்களையும் அமைக்கப் பணித்தது. பசாலியா மருந்தை வெறுத்தவரல்லர். மருந்து எந்தச் சுவருக்குள், எந்த உறவுக்குள் கொடுக்கப்படுகிறது என்பதே அவர் எழுப்பிய வினா. அமெரிக்காவிலும் விடுதிகள் வெறுமையாக்கப்பட்டன. ஆயின் 1963இன் சட்டம் வாக்களித்த சமுதாய நிலையங்கள் பல கட்டப்படவேயில்லை. வெளியேறியோருட் பலர் வீதிக்கும் சிறைக்கும் சென்றனர். சுவரை இடிப்பது மட்டும் போதாது; சுவருக்கு வெளியே பணமும் ஆளணியும் வேண்டும்.

ஆபிரிக்காவின் சிம்பாப்வேயிலிருந்து வந்த பாடமும் குறிப்பிடத்தக்கது. கையளவு உளமருத்துவரே உள்ள நாடு அது. 2006 முதல் ஹராரேயில் டிக்சன் சிபண்டா என்னும் உளமருத்துவர், ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்து, கிளினிக்குகளின் வெளியே மரவாங்குகளில் அமர்த்தினார். நோயாளி தன் துன்பத்தைச் சொல்வார்; பாட்டி அதனைச் சிக்கல் சிக்கலாகப் பிரித்து, முதலில் எதனை அவிழ்ப்பது என்று அவருடன் சேர்ந்து ஆராய்வார். 24 கிளினிக்குகளில் 573 பேரைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டுச் சோதனை 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின்னர், வழக்கமான கவனிப்பைப் பெற்றோரிலும் பார்க்க வாங்கில் அமர்ந்து பேசியோரின் நோய்க்குறிகள் மிகக் குறைந்திருந்தன. அம்மக்கள் தம் நோய்க்கு வழங்கும் ஷோனா மொழிச் சொல்லின் பொருள் 'அளவுக்கு மிஞ்சிய யோசனை' என்பதாம். 'ஒரே யோசனையாய்க் கிடக்கு' என்று நமது தாய்மார் கூறுவதைக் கேட்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இதுவும் விஞ்ஞான ஆராய்ச்சிதான். இங்கே வினாவை எழுப்பியது மக்களின் தேவை. எவருக்கும் விற்பதற்கு அங்கு ஒன்றுமில்லை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டிலும் பின்னர் 1998இலும், 2008 முதலான சில ஆண்டுகளிலும், கொடிய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2015 அளவில் அவ்வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது குறைந்துவிட்டது. இருபதாண்டுகளிற் காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்றும், ஓர் உயிருக்கு அரசு செலவிட்டது 50 டொலருக்கும் குறைவென்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். கமக்காரனின் கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சை வைத்து விற்ற வியாபாரத்தை அரசு தடுத்தது, விளைச்சல் குன்றவில்லை, மனிதர் வாழ்ந்தனர். இத்தடை எவருடைய மனத்துயரையும் தீர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் துயரின் உச்சத்திலுள்ள மனிதனுக்கு மறுநாள் விடியலைக் காணும் வாய்ப்பை அளித்தது. உயிர் தப்பியவருக்கே சிகிச்சை அளிக்க முடியும்.

மனநோய்க்கான மருந்து ஏழைக்கும் எட்ட வேண்டுமென்ற எண்ணமும் இந்நாட்டுக்குப் புதியதன்று. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலையும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, மருந்துகளைக் கம்பனிப் பெயர்களால் அழையாது அவற்றின் பொதுப்பெயர்களால் வழங்கவும், தேவையானவற்றை மட்டும் மொத்தமாகக் கொள்வனவு செய்யவும் வழிகாட்டிற்று. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதன் பயனாகவே எழுந்தது. பிபிலை 1977இல் கயானா நாட்டில், இதே கொள்கையைப் பரப்பும் பணியிலிருந்தபோது காலமானார். அவருடைய பாதையை விட்டு விலகியதன் விலையை 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்காக அலைந்த ஒவ்வொரு குடும்பமும் செலுத்திற்று. இடையில் நின்றால் மீண்டும் பொங்கும் நோய்களுக்கு மருந்து உட்கொள்வோரின் நிலை அக்காலத்தில் எவ்வாறிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சித் துறையிலும் நம் நாடு வெறுங்கையுடன் நிற்கவில்லை. மனச்சிதைவு நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து இலங்கையில் ஆராய்ந்த நான்சி வக்ஸ்லர், கைத்தொழில் வளர்ந்த நாடுகளிலும் பார்க்க இங்கு நோயின் போக்கு நன்றாயிருந்ததென 1979இல் எழுதினார். உலகச் சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்விலும் இந்தியாவின் ஆக்ராவும் நைஜீரியாவின் இபாடானும் இலண்டனையும் வாஷிங்டனையும் விட நல்ல பலனைக் காட்டின. இம்முடிவுகளைப் பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. நாமும் இவற்றைக் கொண்டு நம் பண்பாட்டுக்கு விழா எடுக்கப்போவதில்லை. குடும்பமும் செய்வதற்கொரு தொழிலும் நோயாளியைத் தாங்குகின்றன என்றால், அத்தாங்குதலின் முழுப் பாரமும் எந்தத் தாயின் முதுகில், எந்தச் சகோதரியின் முதுகில் ஏற்றப்பட்டுள்ளது என்று ஆராய வேண்டியது நமது கடமை.

வடக்கில், யுத்தத்தின் நடுவே, பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வினாக்களையே எழுப்பினர். 1993இல் 'மனவடு' என்னும் நூல் தமிழிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. யுத்தத்தின் காயம் தனி மனிதனின் மூளைக்குள் அடங்குவதன்று. குடும்பத்தையும் ஊரையும் ஊரின் நம்பிக்கையையும் சேர்த்து உடைப்பது என்ற கருத்தை, 'கூட்டு மனவடு' என்னும் பெயரில் அவர் உலக சஞ்சிகைகளிலும் நிலைநாட்டினார். அங்கு முன்பள்ளி ஆசிரியரும் கிராம உத்தியோகத்தரும் உளநலப் பயிற்சி பெற்றனர். இவற்றை வெளிநாட்டு நிதியின் வருகையோடு தளிர்த்து, அதன் விலகலோடு வாடும் செடிகளாக விட்டுவிட்டமை அரசின் குற்றம்.

சட்டத்தின் நிலையோ மேலும் இரங்கத்தக்கது. பிரித்தானியர் 1873இல் இயற்றிய பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம் 1956இற் சில திருத்தங்களைப் பெற்றது. 2005இன் தேசிய உளநலக் கொள்கை புதிய சட்டம் வேண்டுமென்று கூறிய பின்னரும், பத்தாண்டுகளுக்கு மேலாக அப்பழஞ்சட்டமே நின்று நிலைத்தது. நோயாளியை வீதியிலிருந்து அப்புறப்படுத்தும் நோக்கோடு ஒரு குடியேற்ற அரசு எழுதிய சட்டத்தைச் சுதந்திர நாட்டின் பாராளுமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதுகாத்து வந்தன.

எனவே நாம் கோருவது இதுதான். மனிதர் மேல் நடத்தப்படும் எந்த மருந்துப் பரிசோதனையின் முடிவும், நன்றாயினும் தீதாயினும், முழுமையாகப் பகிரங்கமாக வேண்டும். காப்புரிமையற்ற மலிவான மருந்துகளையும், பேச்சாலும் பயிற்சியாலும் அளிக்கும் சிகிச்சைகளையும் ஆராயும் பொறுப்பைப் பொதுப்பணத்தால் இயங்கும் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். உலக அரசுகள் தம் சுகாதாரச் செலவில் உளநலத்துக்கு ஒதுக்குவது சராசரியாக நூற்றுக்கு இரண்டளவே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டறிக்கை கூறுகிறது. அப்பணத்திலும் பெரும்பங்கை விழுங்குபவை பெரிய விடுதிகளே. அது ஆதார வைத்தியசாலைகளுக்கும் கிராம நிலையங்களுக்கும் செல்ல வேண்டும். நோயாளியின் மொழியிலே சிகிச்சை கிடைக்க வேண்டும். எலும்பு முறிந்தவனுடன் சைகையாற் பேசியும் வைத்தியம் செய்துவிடலாம். மனம் முறிந்தவனிடம் வைத்தியருக்கு உள்ள முதற் கருவி மொழியே. தமிழ் பேசும் நோயாளியைத் தமிழறியாத வைத்தியர் முன் நிறுத்திவிட்டு அதனைச் சிகிச்சை என்பது பரிகாசம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிற் செய்வதற்கு ஒன்றுமில்லையெனக் கருதவேண்டாம். வகுப்பறையில் 'விசரன்' என்ற சொல் எழும்போது அதனைக் கேட்டும் கேளாதவராய் இருப்பவரும், பரீட்சைக்கு முன் பேச்சொடுங்கிப்போன மாணவனைச் சோம்பேறி என்று ஏசுபவரும், தாம் அறியாமலே நோயாளிக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டுகின்றனர். அத்தூரத்தைக் குறைப்பது நம் கைக்கெட்டிய வேலை. பல்கலைக்கழகங்களிலுள்ள நம் இளைஞர் ஆராய்ச்சிக் கட்டுரையொன்றைப் படிக்கும்போது, அதன் முடிவைப் படிக்குமுன், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று பார்க்கப் பழக வேண்டும். நோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் ஆராய்ச்சியின் பொருளாக அன்றி அதன் வினாக்களை வகுப்போராக ஏற்க வேண்டும்.

வறிய நாடுகளில் மனநோயுற்றோரில் முக்காற்பங்குக்கு மேற்பட்டோர் எச்சிகிச்சையும் பெறாது வாழ்ந்து மடிகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுட் பெரும்பாலோருக்கு வேண்டிய மருந்துகளும் முறைகளும் பல்லாண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டவை. கேட்டின் உப்பு இன்றும் மலிவானது. அதன் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் அரிய வித்தையன்று. புதிய கண்டுபிடிப்புகளை நாம் வரவேற்கிறோம். ஆயின் கண்டுபிடித்தவற்றை மக்களிடம் கொண்டு சேர்க்காத நாடுகளில் புதியதொரு மருந்தின் வருகை, கடைத்தெருவில் இன்னொரு விளம்பரப் பலகையின் வருகையேயாகும். மனநோய் ஆராய்ச்சி யாருக்காக என்ற வினாவை வைத்தியர்களிடமும் கம்பனிகளிடமும் விட்டுவிட்டு நாம் ஒதுங்கியிருக்கும் வரை, விடையும் அவர்களுடையதாகவே இருக்கும்.